நீர்வாழ் தவளைக்கு ஏற்ற தொட்டி



சூத்திரங்கள் அமைந்து கிடக்கும் முறையைக் கூற வந்த நம் இலக்கண நூலார், தவளைப் பாய்த்து என்றொரு நிலையை வகுத்தனர். இடையே உள்ளவற்றைத் தாண்டிச் சென்று ஒரு சூத்திரம் வேறொன்றோடு இயைவதற்குத் தவளையின் பாய்ச்சல் உவமையாயிற்று. தவளை என்றதும் அந்தப் பாய்ச்சலும், மாரிகாலத்து இரைச்சலும், வயல் வரப்புமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேசப் புகுந்த தவளைகளோ வரப்பில் அமர்வனவல்ல. முட்டையிலிருந்து வெளிப்பட்ட நாள் முதல் இறக்கும் நாள் வரை நீருக்குள்ளேயே காலங் கழிப்பவை. இவற்றை வீட்டில் வளர்க்க விரும்பும் ஒருவர் முதலிற் சிந்திக்க வேண்டியது தவளையைப் பற்றியன்று, தொட்டியைப் பற்றியே. நீரை விட்டு வெளியேற இயலாத உயிருக்குத் தொட்டிதான் உலகம். கிணற்றுத் தவளை என்று நாம் பிறரை இகழ்கின்றோம். இத்தவளைக்குக் கிணறளவு இடங் கிடைப்பின் அது பெரும் பேறு.

வளர்ப்போர் கைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகையின. இரண்டும் ஆபிரிக்காவைத் தாயகமாக உடையவை. ஒன்று செனோப்பஸ் லேவிஸ் எனப்படும் நகத்தவளை. பின்னங்காலின் மூன்று விரல்களிற் கருநிற நகங்கள் இருத்தலால் அப்பெயர் பெற்றது. மற்றது ஹைமனோகைரஸ் என்னும் குள்ளத் தவளை. நகத்தவளையின் பெண் பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் வரை வளரும். குள்ளத் தவளை நான்கு சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. இரண்டுக்கும் நாக்கு இல்லை. உணவை முன்னங்கைகளால் வாய்க்குள் தள்ளி விழுங்குகின்றன.

நகத்தவளைக்கு விஞ்ஞான வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. தென்னாபிரிக்காவில் ஆய்வு நடத்திய லான்சலொட் ஹொக்பன் என்னும் ஆங்கில விஞ்ஞானியின் 1930ஆம் ஆண்டளவிலான கண்டுபிடிப்புகளின் வழியே, கருவுற்ற பெண்ணின் சிறுநீர்ச் சாரத்தைப் பெண் நகத்தவளைக்கு ஊசி மூலம் ஏற்றினால் அது ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்பது புலனாயிற்று. அதன் பின் 1960ஆம் ஆண்டுகள் வரை உலகின் பல மருத்துவமனைகளிற் கர்ப்பப் பரிசோதனைக் கருவியாக விளங்கியது இத்தவளையே. ஜோன் கேர்டன் என்பார் இதன் குடற் கலத்துக் கருவை எடுத்து, கரு நீக்கப்பட்ட முட்டையில் இட்டுப் புதிய உயிரை வளர்த்துக் காட்டினார். 1962இல் வெளிவந்த அவ்வாய்வுக்காக 2012ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆய்வுகூடங்களிலிருந்தே இத்தவளை வீடுகளுக்குள் பரவியது என்று சொல்லலாம்.

தொட்டி வாங்கச் செல்லுமுன் கையிலிருப்பது எந்தத் தவளை என்று தெரிந்திருத்தல் வேண்டும். நகத்தவளையின் குஞ்சைக் குள்ளத் தவளை என்று விற்பதும், அறியாது வாங்குவதும் உண்டு. முன்னங்கையைப் பாருங்கள். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் அது குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியே பிரிந்து நின்றால் நகத்தவளை. இதை அறியாமல் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டவர், சில மாதங்களின் பின் ஒன்றை மட்டுமே காண்பார். தன் வாய்க்குள் அடங்கும் எவ்வுயிரையும் நகத்தவளை விழுங்கிவிடும். சிறு மீன்களுக்கும் அதே கதிதான்.

இனி, தொட்டியின் கொள்ளளவு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. தவளை தோலாலும் நீரை உட்கொள்ளும் பிராணி. அது கழிக்கும் கழிவு நீரிற் கலந்து அமோனியாவாகின்றது; அந்த நஞ்சு மீண்டும் அதன் தோலையே தாக்குகின்றது. மேலைநாட்டுக் கடைகளில் அரை லீற்றர் நீர் கொள்ளும் சிறு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இரண்டு குள்ளத் தவளைகளை இட்டு, மேசை அலங்காரமாக விற்றதுண்டு. அந்த அரை லீற்றரிற் சேரும் அதே கழிவு நாற்பது லீற்றர் நீரிற் சேர்ந்தால், அதன் செறிவு எண்பதில் ஒரு பங்காகிவிடும். கணக்கு அவ்வளவு எளியது. அப்பெட்டியை அழகு என்று வாங்குவோர் ஒரு சிறைக்கூடத்தை வாங்குகின்றனர் என்பதே என் கருத்து.

ஒரு நகத்தவளைக்கு நாற்பது லீற்றர் நீர் எனக் கொள்வது தக்கது. நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்ரிமீற்றர் கொண்ட கண்ணாடித் தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் 54 லீற்றர் கொள்ளும். 22 சென்ரிமீற்றர் உயரத்திற்கு நீர் விட்டால் ஏறத்தாழ நாற்பது லீற்றர் ஆகும். மேலே எட்டுச் சென்ரிமீற்றர் வெற்றிடமும் மிஞ்சும். இரண்டு தவளைகளாயின் இதனினும் இருமடங்கு பெரிய தொட்டி வேண்டும். குள்ளத் தவளைகள் மூன்று நான்கு இந்த 60 சென்ரிமீற்றர்த் தொட்டியிலேயே தாராளமாக வாழும். நாற்பது லீற்றர் நீரின் எடை நாற்பது கிலோகிராம். கண்ணாடியின் எடை வேறு. ஆதலின் ஆடுகின்ற முக்காலி மீது தொட்டியை ஏற்றிவைத்தல் ஆகாது.

அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீருக்குள் வாழ்ந்தாலும் இவை மீன்களைப் போலப் பூக்களாற் சுவாசிப்பனவல்ல. நுரையீரலால் மூச்செடுப்பவை. சிறிது நேரத்திற்கொரு முறை மேலெழுந்து, மூக்கின் நுனியை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டிக் காற்றை உட்கொண்டு மீண்டும் கீழே செல்லும். ஆகவே மூடியை ஒட்டி நீர் நிரப்புதல் தவறு. மிக ஆழமான, ஒடுங்கிய தொட்டியும் தவறு. நெட்டையாக நிற்கும் தொட்டி பார்ப்பவர் கண்ணுக்கு எடுப்பாயிருக்கும். நாலு சென்ரிமீற்றர்த் தவளையோ ஒவ்வொரு மூச்சுக்கும் அவ்வளவு தூரம் நீந்தி ஏறவேண்டும். நீளமும் அகலமும் மிக்க, உயரங் குறைந்த தொட்டியே இவற்றுக்கு ஏற்றது.

மூடி கட்டாயம் வேண்டும். வழுவழுப்பான உடலையும் வலிய பின்னங்கால்களையும் கொண்ட நகத்தவளை, மழை பெய்யும் இரவுகளில் ஒரு குளத்திலிருந்து மற்றொரு குளத்திற்குத் தரை வழியே ஊர்ந்து செல்லும் இயல்புடையது. வீட்டிலும் அவ்வாறு புறப்பட்டுவிட்டால், தோல் உலர்ந்து மறுநாட் காலையில் அலுமாரிக்கு அடியிற் பிணமாகக் கிடக்கும். மூடியிற் காற்றுப் புகத் துளைகள் இருக்கவேண்டும். தவளை முட்டித் தள்ள முடியாத பாரமும் இருக்கவேண்டும்.

எப்பொருளாலான தொட்டி நல்லது என்று கேட்பீர்கள். கண்ணாடி நன்று. உணவுப் பொருள் வைக்கத் தகுந்த தடித்த பிளாஸ்ரிக் தொட்டியும் குற்றமில்லை. நம் வீடுகளிற் பழைய செப்புப் பாத்திரங்களும் பித்தளை அண்டாக்களும் இருக்கும். அவற்றிற் தவளையை விடலாகாது. செப்பு நீரிற் கரைந்து மிகச் சிறிதளவே சேர்ந்தாலும் தவளைகளுக்கு நஞ்சு. நாகம் பூசிய இரும்பு வாளியும் அத்தகையதே. கிணற்றடியிற் புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். பலமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு இறைத்த பின்னரே அது பயன்படும்.

தொட்டியின் அடித்தளத்திற்கு வருவோம். தவளை தன் வாயாற் கெடும் என்பது பழமொழி. அது குரலைப் பற்றிச் சொன்னது. இத்தவளை கெடுவதோ விழுங்குவதால். உணவைத் துழாவி வாரும்போது சிறு கூழாங்கற்களையும் சேர்த்து விழுங்கிக் குடல் அடைபட்டு மடிவதுண்டு. ஆதலின் அடித்தளத்தை வெறுமையாக விடுக. அன்றேல் மிக நுண்ணிய மணலை இடுக. கல் வேண்டுமெனின் தவளையின் தலையினும் பெரிதாக இருக்கட்டும். மறைந்திருக்க ஒரு மண்சட்டியைப் பக்கவாட்டிற் சாய்த்து வைத்தாற் போதும். கடையில் விற்கும் வண்ணக் கோபுரங்கள் வாங்குவோரை மகிழ்விக்கவே செய்யப்பட்டவை.

நகத்தவளையின் உடலின் இரு மருங்கிலும் தையல் இட்டாற் போன்ற சிறு கோடுகளைக் காணலாம். நீரின் அசைவை அறியும் புலன் அங்கேதான் இருக்கின்றது. கலங்கிய நீரில் இரை எங்கே துடிக்கின்றது என்பதை அதனால் உணர்ந்து பிடிக்கின்றது. இத்தகைய உயிரை, இடையறாது நீரைப் பாய்ச்சும் வலிய இயந்திர வடியுள்ள தொட்டியில் விடுதல், நம்மை ஆலைச் சங்கின் கீழே குடியிருத்துவது போன்றதாகும். காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடி மெதுவானது, விலையும் குறைவு. இப்பேச்சை ஒலிக்கும் வானொலிப் பெட்டியையும் தொட்டியின் அருகில் வைக்காதிருத்தல் நல்லது.

அப்பஞ்சு அழுக்கைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. அதிற் குடியேறும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும். தொட்டியும் தவளையும் ஒரே நாளில் வீட்டுக்கு வருதல் ஏன் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பஞ்சைக் கழுவும்போதும் குழாய் நீரிற் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிற் கசக்கி விடுக.

குழாய் நீரிற் குளோரீன் உண்டு. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாற் குளோரீன் நீங்கும். குளோரமீன் சேர்க்கப்பட்ட நீராயின் அவ்வாறு நீங்காது, அதற்குரிய மருந்தை இட்டே நீக்கவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீருக்கு அக்கவலை பொதுவாக இல்லை. ஆனால் சுண்ணக்கல்லினூடே ஊறிய அந்நீர் வன்மையும் காரத்தன்மையும் உடையது. தோட்டங்களை அடுத்த கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்றும் கலந்திருக்கும். காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்த நீரில் அதே அளவு அமோனியா கூடுதலான நஞ்சாகின்றது. ஆகவே நம் பகுதியில் தொட்டி சற்றுப் பெரிதாகவே இருத்தல் வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒளிவின்றிச் சொல்லவேண்டும். தென்னாபிரிக்க நகத்தவளைக்கு உகந்தது ஏறத்தாழ 16 முதல் 22 பாகை வரையான நீர். மன்னாரிலும் மட்டக்களப்பிலும் பகல் வெப்பம் முப்பது பாகையைத் தாண்டும் மாதங்கள் பல. நுவரெலியாவில் உள்ளவர் இத்தவளையை எளிதில் வளர்க்கலாம். கரையோரத்தில் உள்ளவர், நீரைக் குளிர்விக்கும் பொறி வைக்க வசதியில்லையேல், அதைக் கைவிடுதலே நன்று. குள்ளத் தவளை மத்திய ஆபிரிக்காவின் வெப்பக் காடுகளைச் சேர்ந்தது. இருபத்தைந்து பாகையை ஒட்டிய நீர் அதற்கு இசையும். அதன் தொட்டியையும் யன்னல் வெயிலில் வைக்காது வீட்டின் குளிர்ந்த மூலையில் வைக்கவேண்டும்.

“அப்படியாயின் நம் கிணற்றுத் தவளையையே பிடித்து வளர்த்தால் என்ன, ஐயா?” என்று மாணாக்கர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்விதான். நம் நாட்டுத் தவளைகளிற் பெரும்பாலானவற்றுக்கு நீரோடு நிலமும் வேண்டும். அன்றியும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பல தவளை இனங்களைப் பாதுகாக்கின்றன. இத்தீவில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. சில இனங்கள் ஏற்கெனவே அழிந்துபட்டன.

இதனாலேயே தொட்டி நீரை ஊற்றும் இடமும் கவனத்துக்குரியது. 1999ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் பெயரிட்டு விவரித்த ஒரு நுண்பூஞ்சணம் தவளைகளின் தோலைப் பற்றி, உலகின் பல பாகங்களில் தவளைக் கூட்டங்களையே அழித்திருக்கின்றது. நகத்தவளை தான் நோயுறாமலே அதைச் சுமந்து திரிய வல்லது. நகத்தவளைகள் நல்ல தொட்டியிற் பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழும். பிள்ளைகள் வளர்ந்து வேறூர் சென்ற பின்பும் தவளை வீட்டிலிருக்கும். சலித்தவர்கள் அதைக் குளத்தில் விட்டதாலும், ஆய்வுகூடங்களிலிருந்து வெளியேறியதாலும் கலிபோர்ணியா, சிலி, பிரான்சு முதலிய இடங்களில் அது பெருகி, அங்குள்ள சிற்றுயிர்களை உண்டு தீர்க்கின்றது. எனவே வாங்குமுன், நீங்கள் வளர்க்க இயலாத காலத்தில் அதை ஏற்கக்கூடியவர் யார் என்பதை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழிவு நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றவேண்டாம். ஒரு வாளியில் எடுத்து, வெளிற்றுந்தூள் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, வீட்டுக் கழிவுக் குழியில் விடுக. அந்த வாளியைத் தொட்டிக்குப் புதுநீர் அள்ளப் பயன்படுத்தாது, அடையாளமிட்டு வேறாக வைத்திருங்கள்.