தடைக்காலத்தில் கடலோடிக்கு வேலை உண்டா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் அரசின் கணக்கெடுப்பாளர் ஒருவர் படகுத் தொழிலாளி வீட்டுக்கு வந்தால், அவரை வேலை உள்ளவர் என்று எழுதுவாரா, வேலையற்றவர் என்று எழுதுவாரா? கேள்வியைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம்.

யார் எடுக்கிறார்கள்?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பைத் தொடங்கியது. எல்லா வீட்டுக்கும் போவதில்லை. ஊர்களையும் நகரப் பகுதிகளையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே சில வீடுகளை மட்டும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் முறை மாறியது. இப்போது ஆண்டுக்கு 2,72,304 வீடுகள் என்பது திட்டம். ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்த நான்கு மாதங்கள் போகிறார்கள். முன்பு ஆண்டுக்கும் காலாண்டுக்கும் மட்டும் வந்த எண்கள் 2025 மே முதல் மாதந்தோறும் வருகின்றன.

ஓர் ஆண்டா, ஒரு வாரமா?

இந்தக் கணக்கெடுப்பில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. முதலாவது வழக்கமான நிலை. கடந்த 365 நாளில் பெரும்பாலும் என்ன செய்தீர்கள் என்பது கேள்வி. பத்து மாதம் கடலுக்குப் போனவர் மே மாதத்தில் கேட்டாலும் இதில் வேலை உள்ளவர்தான்.

இரண்டாவது வார நிலை. கடந்த ஏழு நாளில் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? கிழிந்த வலையைச் சரிசெய்வதும் படகைப் பழுதுபார்ப்பதும் தொழிலைச் சேர்ந்தவை; அவற்றைச் செய்தவர் வேலை உள்ளவர். எதுவும் செய்யாமல் வேறு வேலை தேடியவரும், கிடைத்தால் போகிறேன் என்றவரும் வேலையற்றவர். தேடவுமில்லை, இப்போதைக்கு வேண்டவும் வேண்டாம் என்பவர் இரண்டிலும் சேரமாட்டார். அவர் தொழிலாளர் படைக்கே வெளியே. வேலையின்மை விகிதம் கணக்கிடும்போது அவர் வகுக்கும் எண்ணிலும் இல்லை.

2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான அறிக்கையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் வேலையின்மை ஆண்டு அளவில் 3.2 சதவீதம், வார அளவில் 4.9 சதவீதம். கணக்கெடுப்பு ஒன்றே, நாடும் ஆண்டும் ஒன்றே. வடகிழக்குப் பருவமழையில் வேலை நின்றுபோகும் உப்பளத் தொழிலாளி, தடைக்கால மீனவர் போன்றவர்களின் பாடு வார அளவில்தான் தென்படும்.

விதி எங்கிருந்து வருகிறது?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1923 முதல் புள்ளியியலாளர் மாநாடுகளை நடத்தி, இத்தகைய வரையறைகளை வகுத்துவருகிறது. தொழிலாளர் புள்ளியியலுக்கென்றே 1985-இல் 160-ஆம் உடன்படிக்கை வந்தது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. ஒரே வரையறை இருந்தால்தான் தூத்துக்குடிக் கரையின் எண்ணை இலங்கையின் மன்னார்க் கரையோடு ஒப்பிட முடியும்.

ஆனால் நாடுகள் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில்லை. 2013 மாநாட்டு வரையறைப்படி கூலிக்கோ லாபத்துக்கோ செய்வதே வேலைவாய்ப்பு. வீட்டுச் சமையலுக்கு மட்டும் மீன் பிடிப்பவர் உழைக்கிறார், ஆனால் அந்தக் கணக்கில் வேலை உள்ளவர் அல்லர். இந்தியாவோ, சொந்தத் தேவைக்கு விளைவிப்பவரையும் பிடிப்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. வேலையற்றவர் என்று எழுத, அண்மையில் வேலை தேடியிருக்க வேண்டும் என்கிறது சர்வதேச விதி. தயாராக இருந்தாலே போதும் என்கிறது இந்தியா. விற்பனைக்கான கருவாட்டைச் சம்பளமில்லாமல் காயவைக்கும் குடும்பத்துப் பெண்ணை மட்டும் இரண்டு வரையறைகளுமே வேலை உள்ளவர் என்கின்றன.

எந்தக் கட்டத்தில் யார்?

வேலை உள்ளவர் என்றானதும் எந்தத் துறை என்று குறிக்க வேண்டும். இந்தியப் பட்டியல் ஐ.நா. வகைப்பாட்டைத் தழுவியது. அதன்படி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர் போக்குவரத்துத் துறை. இறால் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளி உற்பத்தித் துறை. உப்பளத்தில் உப்பு வாருபவர் சுரங்கத் துறை! இயற்கை முத்து எடுப்பது கடல் மீன்பிடிப்போடு சேர்கிறது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. பட்டியலில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

அதனால் 'சுரங்க வேலைவாய்ப்பு கூடியது' என்று செய்தி வந்தால், நிலக்கரியோடு உப்பும் அதில் இருக்கலாம் என்று நினைவில் வையுங்கள். வேலையின்மை விகிதத்தைப் பார்த்தால் மூன்றைக் கேளுங்கள்: ஆண்டு அளவா, வார அளவா? எந்த மாதத்தில் எடுத்தது? எந்த நாட்டின் வரையறை? இவை தெரியாமல் போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் ஒப்பிட்டால், தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதைக்கூடப் பொருளாதார வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள நேரும்.