இழுவையும் ஓட்டமும்



பொழுது புலருமுன் மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குச் சென்றிருக்கிறீர்களா? சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சிறு சரக்கு வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். 'பிக்கப்' என்று மக்கள் வழங்கும் இவ்வண்டிகளுள் ஒன்று, முன்னாளில் என்னிடம் கணக்குப் பயின்ற ஒருவருக்கு உரியது. வாரத்தில் ஐந்து நாள் திருமங்கலம் பக்கத்திலிருந்து பூ ஏற்றிவருவார். இரண்டு நாள் கொடைக்கானலுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று, காரட்டும் உருளைக்கிழங்கும் கொண்டு இறங்குவார். ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "ஐயா, பின் அச்சிலே கிரவுன் பினியனை மாற்றிவிட்டால் வண்டி பறக்கும், டீசலும் மிச்சமாகும் என்று சொல்கிறார்கள். மாற்றலாமா?" என்று கேட்டார்.

மதுரைக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டே வளர்ந்தது. ஆதலின் இவ்வூரில் இத்தகைய வினாவுக்கு விடைகூறும் கைதேர்ந்த தொழிலாளர் பலர் உளர். எனினும் இது கைத்திறனுக்கு முன்னர்க் கணக்கினால் தீர்க்க வேண்டிய வினா. நானும் தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் மிதிவண்டியை எண்ணிப் பாருங்கள். மிதியோடு சேர்ந்த சக்கரத்தில் 48 பற்களும் பின்புறத்துச் சிறு சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் இரண்டரை முறைக்கும் மேலாகச் சுற்றும். ஓட்டம் மிகுதி; ஆனால் மேடு வந்தால் கால் கடுக்கும். மோட்டார் வண்டியின் பின் அச்சிலோ இம்முறை தலைகீழானது. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் 'பினியன்' என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது 'கிரவுன் வீல்' என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரியதில் 41 பற்களும் சிறியதில் 10 பற்களும் இருந்தால், தண்டு 4.1 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். இந்த 4.1 என்பதே பின் அச்சின் விகிதம். விகிதம் பெருகினால் இழுவை பெருகும், ஓட்டம் குறையும். விகிதம் குறைந்தால் ஓட்டம் பெருகும், இழுவை குறையும். இரண்டையும் ஒருங்கே பெறுதல் இயலாது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. 40க்கு 10 என்று வைத்தால் கணக்கு எளிதாயிற்றே, 41 எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 40க்கு 10 என்றால் பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சிறியதன் ஒரே பல்லோடுதான் என்றும் உரசும். ஒரு பல்லில் பழுதிருந்தால் அப்பழுது குறிப்பிட்ட சில பற்களையே தாக்கும். 41க்கும் 10க்கும் பொதுக் காரணி ஒன்றைத் தவிர வேறில்லை. ஆதலின் ஒவ்வொரு பல்லும் எதிர்ச் சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையாகச் சந்திக்கும். தேய்மானமும் சமமாகப் பரவும். மீப்பெரு பொதுக் காரணியை நாம் வகுப்பில் வீணாகப் படிக்கவில்லை. இவ்விரு சக்கரங்களையும் ஒன்றோடொன்று இழைத்து இணையாகவே ஆக்குகின்றனர். மாற்றும்போதும் இணையாகவே மாற்ற வேண்டும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். இப்போதுள்ள விகிதம் 4.1, மாற்றச் சொல்லும் விகிதம் 3.5 என்று கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர் எனில் சுற்றளவு 2.2 மீட்டர். மணிக்கு 66 கிலோமீட்டர் என்பது நிமிடத்திற்கு 1,100 மீட்டர். அதாவது சக்கரம் நிமிடத்திற்கு 500 முறை சுற்றுகிறது. நான்காம் கியரில் தண்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், 4.1 விகிதத்தில் எஞ்சின் 2,050 முறை சுற்ற வேண்டும், 3.5 விகிதத்திலோ 1,750 முறை போதும். நான்குவழிச் சாலையில் இரைச்சல் குறையும். டீசலும் ஓரளவு மிச்சமாகலாம். அவருக்குச் சொன்னவர்கள் கூறியதில் இவ்வளவும் மெய்தான்.

ஆனால் மதுரை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலோ ஏறத்தாழ 2,100 மீட்டர். சரக்கோடு 3,000 கிலோ எடையுள்ள வண்டி, 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஏறுவதாகக் கொள்வோம். எடையில் பன்னிரண்டில் ஒரு பங்காகிய 250 கிலோ இழுவை அதற்கு வேண்டும். சக்கரம் உருள்வதற்கு ஒரு 45 கிலோ சேர்த்தால் 295. எஞ்சினின் முறுக்கு விசை 20 கிலோ-மீட்டர், மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்று வைத்து, பற்சக்கரங்களில் பத்தில் ஒரு பங்கு வீணாவதையும் கழித்துவிட்டால், 4.1 விகிதத்தில் ஏறக்குறைய 316 கிலோ இழுவை கிடைக்கும், வண்டி ஏறிவிடும். 3.5 விகிதத்தில் கிடைப்பது 270தான். வண்டி திணறும், ஓட்டுநர் இரண்டாம் கியருக்கு இறங்கியே ஆகவேண்டும். மலைவழி நெடுக இவ்வாறு திணறினால் கிளட்சும் தேயும், சாலையில் மிச்சமான டீசலும் மலையில் செலவாகும்.

ஏறுவதைவிட இறங்குவதே பெரிது. காலை முடுக்கியிலிருந்து எடுத்தபின் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் அல்லவா? அந்தப் பிடிப்பும் இதே விகிதத்தைப் பொறுத்தது. 4.1ஐ 3.5 ஆக்கினால், அதே கியரில் பிடிப்பு ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதைக் கேட்டதும் என் மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் தோழர் ஒருவர் இவ்வாறு மாற்றிய வண்டியில், பழைய பழக்கப்படியே மூன்றாம் கியரில் சரக்கோடு இறங்கியதையும், பிரேக் ஓயாமல் காய்ந்து புகைந்து பிடிக்காமற் போக, மலைப்பக்கத்து ஓடையில் வண்டியைச் சாய்த்து உயிர் தப்பியதையும் கூறினார். "எதனால் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை, ஐயா" என்றார்.

அப்படியாயின் 3.5 என்பது தீய விகிதமா? அன்று. மலையேறாமல், இலேசான பாரத்தோடு மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அதுவே நன்று. விகிதத்தைத் தேர்பவர் மூன்றைக் கேட்க வேண்டும்: அன்றாடப் பாரம் எவ்வளவு? அன்றாட வழி எத்தகையது? அவ்வழியில் மிகக் கடினமான இடம் எது? இம்மூன்றாம் வினாவையே பலர் மறந்துவிடுகின்றனர். மேலும் பின் அச்சை மட்டும் தனியே பார்த்தல் ஆகாது. என் மாணவரின் வண்டியில் ஐந்தாம் கியரின் விகிதம் 0.8. அதனை 4.1ஆல் பெருக்கினால் 3.28தான், 66 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,640 முறையே சுற்றும். அவர் தேடிய ஓட்டம் அவர் வண்டியிலேயே இருந்தது. சக்கரத்தின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டு, சமவெளியில் ஐந்தாம் கியரைத் தயங்காது பயன்படுத்துமாறு கூறி அனுப்பினேன். பினியனை அவர் மாற்றவில்லை.

நீங்களும் ஒரு வண்டியின் விகிதத்தைக் கண்டறியலாம். பட்டறையில் தொழிலாளர் துணையோடு பின்சக்கரம் இரண்டையும் உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, கியரை விலக்கி, இரு சக்கரங்களையும் ஒன்றாக ஒருமுறை சுற்றுங்கள். தண்டில் சுண்ணக்கட்டியால் இட்ட குறி எத்தனை முறை சுற்றுகிறதென எண்ணுங்கள். நான்கும் சிறிது கூடுதலுமாக வந்தால், அது பாரம் இழுக்கப் பிறந்த வண்டி என்று அறிந்துகொள்ளலாம்.