செம்பவாங் கரையில் இரண்டு நாள்

சென்ற ஆண்டில் நாங்கள் கூட்டாளிகள் நால்வரும் மூன்று முறை சந்தித்தோம். மூன்றும் சாவு வீடுகள். மூன்றாவது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு கோப்பை கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஜோகூர் நண்பர்தான் பேச்சை எடுத்தார்.

"அடுத்த தடவை நம்ம நாலு பேர்ல ஒருத்தர் வீட்லதான் சந்திப்போம் போலிருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சனி, ஞாயிறு ஒண்ணா இருக்கலாமாப்பா?"

யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே நாள் குறித்தோம். எந்த இடம் என்பதில் மட்டும் வாக்குவாதமே எழவில்லை. செம்பவாங்! நாங்கள் பந்துதைத்துத் திரிந்த மண் அது. மூவர் அங்கேயே வளர்ந்தவர்கள். ஜோகூர் நண்பர் ஒரு பால்மரத் தொழிலாளியின் மகன். பள்ளி விடுமுறை தோறும் பாலம் கடந்து செம்பவாங்கில் இருந்த மாமா வீட்டுக்கு வந்துவிடுவார். பின்னாளில் தோட்டத்துக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றார்.

நேயர்களே, சிங்கப்பூர் என்றதும் நம்மவர்க்குத் தேக்காவும் சிராங்கூன் சாலையும் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்குச் செந்தோசா நினைவுக்கு வரும். தீவின் வடகோடியில் கிடக்கும் செம்பவாங்கை நினைப்பவர் குறைவு. ஆனால் நம் தோட்டத்து மக்களுக்கு அந்த ஊர் அந்நியமன்று. மலாய் மொழியில் செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். அந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியுமாக இருந்தது. அங்கே தோட்டங்கள் வளர்த்த லிம் நீ சூன் என்னும் சீன வணிகரின் பெயரே பக்கத்து ஊரான யீஷூனுக்கு வழங்குகிறது.

ரப்பருக்குப் பின்னால் வந்தது கப்பல். இந்தக் கரையில் பெரியதொரு கடற்படைத் தளம் அமைப்பதென்று பிரிட்டிஷ் அரசு 1923-ல் முடிவு செய்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிட்ட உலர் துறை 1938 பிப்ரவரி 14-ல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஆயிரம் அடி! ஆயினும் நான்கே ஆண்டுகளில், 1942 பிப்ரவரி 15-ல், சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. போருக்குப் பின் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். தமிழரும் மலையாளிகளும் மலாய்க்காரரும் சீனரும் அங்கே ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். 1968-ல் அந்தப் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறிச் செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று. 1971-ல் பிரிட்டிஷ் படைகள் விடைபெற்றன.

கன்பரா, வெலிங்டன், ஜிப்ரால்டர், மால்டா, டர்பன் என்று இன்றும் தெருப் பெயர்களில் பழைய சாம்ராஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு அவை பந்து ஓடிய தெருக்கள்.

சனி காலை: வெந்நீரும் முட்டையும்

தேக்காவிலிருந்து வருவோர் லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு ரயில் ஏறி, டோபி காட்டில் மாறி, வடக்கே கன்பரா நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து காம்பாஸ் அவென்யூவில் உள்ள வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம்.

இந்த ஊற்று 1909-ல் கண்டறியப்பட்டது. 1921-ல் பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் அந்த நிலத்தை வாங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் படை அதிகாரிகள் குளிக்கத் தொட்டிகள் கட்டினார்கள். பின்னர் வெகுகாலம் பொட்டலில் ஒரு குழாயாகக் கிடந்தது. மூட்டு வலிக்காரர்கள் வாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். 2020 ஜனவரியில் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

மண்ணுக்கடியிலிருந்து நீர் ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ் சூட்டில் வருகிறது. அது படிப்படியாகக் கீழிறங்கி ஆறும்படி அடுக்கடுக்காகத் தொட்டிகள் அமைத்திருக்கிறார்கள். மேல் தொட்டியில் கால் வைக்க முடியாது. கீழ்த் தொட்டியில் சுகமாக வைத்துக்கொண்டு பேசலாம். முட்டை வேக வைக்கத் தனி இடம் உண்டு. நாங்கள் பத்து முட்டை கொண்டு போயிருந்தோம். வெள்ளைக்கரு இளகலாகவும் மஞ்சள் கரு சற்றே கெட்டியாகவும் வெந்தன. மிளகுத் தூளும் சோயாச் சாறும் விட்டு, வீட்டிலிருந்து வந்த இட்லியோடு பசியாறினோம்.

ஒரு சொல் எச்சரிக்கை: இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் காலில் சூடு சட்டென்று உறைக்காது. கையால் நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வைக்கட்டும். சிறு பிள்ளைகளைக் கண் பார்வையில் வைத்திருங்கள்.

சனி மாலை: கடல் அதே கடல்

செம்பவாங் பேருந்து நிலையத்திலிருந்து 882-ஆம் எண் பேருந்து கடற்கரைப் பூங்கா வரை போகிறது. வெயில் தணிந்த பிறகு போனோம்.

சிங்கப்பூரின் கரைகளில் பெரும்பகுதி மனிதர் ஆக்கியவை. பெயர்பெற்ற ஈஸ்ட் கோஸ்ட் கரை 1966-ல் தொடங்கிக் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. செம்பவாங் கரையோ இயற்கையாக அமைந்து எஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்று. நீளமான கரையென்று சொல்ல முடியாது. ஒரு பாட்டு முடிவதற்குள் நடந்துவிடலாம். எதிரே ஜோகூர் நீரிணை. அதன் மறுகரையில் பாசிர் கூடாங் துறைமுகம். கடலுக்குள் நீளும் பழைய பாலத்தில் எந்நேரமும் தூண்டிலோடு ஆட்கள். அவர்களிடம் "என்ன கிடைத்தது?" என்று கேட்டால் வாளியைக் காட்டுவார்கள். நமக்குப் பொழுது போய்விடும்.

பூங்காவுக்குள் கடலைப் பார்த்தபடி ஒரு பழைய மாளிகை உண்டு. பியூலியூ இல்லம் என்று பெயர். தனவந்தர் ஒருவர் கட்டியது. கடற்படைத் தளத்துக்காக எடுக்கப்பட்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளின் இல்லமாக இருந்தது. 2005-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. சற்றுத் தள்ளி, பெரிய மரங்களின் நிழலில் ஒரு பழைய கம்பத்துப் பள்ளிவாசல். மாலைத் தொழுகைக்கான அழைப்பு நீரின்மேல் மிதந்து வந்தபோது நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.

ஜோகூர் நண்பர் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல அங்கிருந்து இங்க வர ஏங்குவேன். இப்ப இங்க உக்காந்து அங்க பாக்கறேன். இரண்டுக்கும் நடுவுல ஐம்பது வருஷம் ஓடிப் போச்சு" என்றார்.

எனக்கு என் தகப்பனார் நினைவு வந்தது. இந்தக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். சங்கு ஊதினால் எழுவார், சங்கு ஊதினால் வருவார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் கிடைத்தால் விடமாட்டார். ஆறு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே! அவர் ஒரு நாளாவது இந்த மணலில் உட்கார்ந்து நான் கண்டதில்லை. "கடலைப் பார்த்தா வயிறு நிறையுமா?" என்பார். அவர் சொன்னது அன்றைக்கு நியாயம். எங்கள் வயிறு நிறைந்த பிறகும் நாங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தோமே, அதற்கு என்ன நியாயம்?

இருட்டும்வரை இருந்தோம். இங்கே நீரோட்டம் உண்டு; படகுகளும் போகும். ஆகவே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீந்த விரும்புவோருக்கு மறுநாள் வழி சொல்கிறேன்.

ஞாயிறு காலை: மட்டையும் மூச்சும்

செம்பவாங் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு குன்று. அதன்மேல் 1939-ல் கட்டப்பட்ட அட்மிரல்டி ஹவுஸ் நிற்கிறது. கடற்படைத் தளபதிகள் வாழ்ந்த வீடு. 2002-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அந்தக் குன்றைச் சுற்றித்தான் புக்கிட் கன்பரா என்னும் விளையாட்டு, சமூக மையம் எழுந்திருக்கிறது. நீச்சல் குளங்கள், பூப்பந்துத் திடல்கள், உடற்பயிற்சிக் கூடம், கீழே உணவங்காடி நிலையம். தளபதிகளின் குன்றில் இப்போது நம் பாட்டிமார் காலையில் கை வீசி நடக்கிறார்கள்!

பூப்பந்துத் திடலை முன்னதாகவே பதிவு செய்திருந்தோம். இரட்டையர் ஆட்டம். நான்கு ஆட்டம் என்று திட்டம், ஒன்றரையில் முடிந்தது. ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்கு மூச்சு. எனக்குக் கண் சரியில்லை. மூன்று தடவை பந்தை விட்டுவிட்டுக் காற்றை அடித்தேன். அத்தனை சிரிப்பு நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனை வருடமோ! பின்னர் குளத்தில் அரை மணி. அதன் பிறகு பரோட்டாவும் தே தாரிக்கும்.

ஞாயிறு மாலை: சடுகுடு

மீண்டும் கடற்கரைக்குப் போனோம். அங்கே இளைஞர் கூட்டம் ஒன்று மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. பேச்சைக் கேட்டதும் தெரிந்தது, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள். கப்பல் வேலையும் கட்டட வேலையும் செய்பவர்கள். வாரத்தில் ஓய்வு அந்த ஒரு நாள்தான். துணி துவைத்து, ஊருக்குப் பேசி, சமைத்துச் சாப்பிட்டு, மிச்சமிருக்கும் மாலையைச் சடுகுடுவுக்கு வைத்திருந்தார்கள்.

ஒரு பக்கம் ஏழு பேர், மறுபக்கம் ஆறு. ஆள் குறைந்ததால் எங்களைப் பார்த்தார்கள்.

"ஐயா, கோட்டுல நின்னு பாத்துச் சொல்றீங்களா, யார் அவுட்டுன்னு?"

நான் நடுவராக நிற்க ஒப்புக்கொண்டேன். அதற்குள் ஜோகூர் நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஒரே ஒரு பாட்டு பாடிட்டு வந்துடறேன், தம்பிகளா. பிடிச்சா மெதுவாப் பிடிங்க. எலும்பு பழசு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு "சடுகுடு சடுகுடு" என்று கோட்டைத் தாண்டினார். தோட்டத்துத் திடலில் பழகிய கால்கள் அல்லவா? இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்ந்து, ஒருவன் தோளைத் தொட்டே விட்டார். திரும்பும்போது கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மூச்சு அறுந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பயந்து ஓடினோம். அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"தொட்டேனா இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"தொட்டீங்க ஐயா. ஆனா நீங்கதான் அவுட்டு" என்றான் ஒரு தம்பி, தண்ணீர்ப் புட்டியை நீட்டியபடி.

அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். ஊரில் அப்பா, அம்மா, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை. "ஞாயிறு வேலை குடுத்தாலும் போவேன் ஐயா, காசு வேணுமே. ஆனா மாசத்துல ரெண்டு ஞாயிறு இங்க வந்துடுவேன். இல்லேன்னா மனசு கெட்டுப் போகுது" என்றான். என் தகப்பனாருக்குத் தெரியாமல் போனது இவனுக்கு இந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது.

போய் வாருங்கள்

கப்பல் பட்டறை இடம் பெயர்ந்த பின் அந்த நிலத்தைக் கடலோர உல்லாசப் பகுதியாக மாற்றும் திட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் தூண்டில்காரர்களும் சடுகுடுப் பையன்களும் காசு செலவின்றி உட்காரும் இந்தக் கரையை இன்றைய கோலத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் தாமதிக்க வேண்டாம். பங்குனி உத்திர சமயத்தில் போனால் இன்னொரு பாக்கியமும் உண்டு. 1960-களில் கடற்படைத் தள வட்டாரத்தில் மரத்தடிச் சந்நிதியாகத் தோன்றிய பாலசுப்பிரமணியர் ஆலயம் இப்போது பக்கத்து யீஷூனில் இருக்கிறது. அங்கே காவடிகள் புறப்படுவதையும் தரிசிக்கலாம்.

இரவு பேருந்து நிலையத்தில் ஜோகூர் நண்பரை வழியனுப்பினோம். படியில் ஏறியவர் திரும்பி, "உத்திரத்துக்கு வந்துடறேன். அதுக்குள்ள யாரும் அவுட்டாகக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டேன். நேயர்களே, உங்களுக்கும் அப்படியொரு கூட்டாளி இருப்பார். சாவு வீட்டில் பார்க்கும்வரை காத்திராமல் இன்றே ஒரு வார்த்தை பேசி, ஒரு சனி ஞாயிறைக் குறித்துக்கொள்ளுங்கள்.