மங்கலாகிப்போன ஜெர்மானிய வீடுகள்

2010-ஆம் ஆண்டு நவம்பரில், பெர்லின், ஹாம்பர்க், மியூனிக் முதலான 20 ஜெர்மானிய நகரங்களின் வீதிகளைக் கூகுள் நிறுவனம் தனது ‘ஸ்ட்ரீட் வியூ’ சேவையில் வெளியிட்டபோது, ஆங்காங்கே சில கட்டடங்கள் மட்டும் பனிமூட்டம் கவிந்தாற்போல் மங்கிக் கிடந்தன. தங்கள் வீட்டை மறைக்கும்படி முன்கூட்டியே விண்ணப்பித்த குடும்பங்கள் 2,44,237. அதாவது அந்நகரங்களின் குடும்பங்களில் ஏறக்குறைய 3 சதவீதம். அடுக்குமாடியில் ஒரே குடித்தனக்காரர் விண்ணப்பித்தாலும் கட்டடம் முழுவதும் மறைந்தது; மறைத்ததை மீண்டும் துலக்கவும் வழியில்லாதிருந்தது.

தெருவில் போகிறவர் எவரும் காணக்கூடிய முகப்பில் இரகசியம் என்ன இருக்கிறது என்று பலர் வினவினர். பெர்லின் நீதிமன்றமும், பொது வீதியிலிருந்து படமெடுப்பது சட்டவிரோதமன்று என்றே தீர்ப்பளித்தது. ஆயினும், நாஜிகளின் இரகசியப் போலீசான கெஸ்டபோவையும் பின்னர் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியையும் அனுபவித்தறிந்த ஒரு சமுதாயம், தன்னைப் பற்றிய விவரம் எவர் கையில், எந்த நோக்கத்துக்காகச் சேருகிறது என்று கேட்பதை வீண் சந்தேகமென்று தள்ளிவிடலாகாது. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில்தான் பிறந்தது. 1983-இல், அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே ஜனங்கள் பகிஷ்கரிக்கத் துணிந்தபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் அக்கணக்கெடுப்பைத் தடுத்து நிறுத்தி, தன் விவரங்கள் எவ்வாறு பயன்படவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தனிமனிதனுக்கே உண்டு எனப் பிரகடனம் செய்தது.

ஆனால், அவநம்பிக்கையை உறுதிப்படுத்தியது புகைப்படமன்று என்பதே என் அபிப்பிராயம். கூரைமேல் காமிரா பொருத்தி வீதிகளைப் படமெடுத்த கூகுளின் கார்கள் வீடுகளிலிருந்து கசியும் வைஃபை அலைகளையும் பதிவு செய்தன. வலையமைப்பின் பெயர் முதலிய அடையாளங்களை மட்டுமே சேகரித்தோம் என்று 2010 ஏப்ரலில் சொன்ன நிறுவனம், ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அதிகாரி யோஹான்னஸ் காஸ்பர் விடாது விசாரித்ததன் விளைவாக, பூட்டில்லாத வலையமைப்புகளில் சென்ற தகவல்களின் துணுக்குகளும் தன்னிடம் வந்து சேர்ந்திருந்ததை மே மாதம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தவறுதலாக நேர்ந்தது என்ற சமாதானம், விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்து யோசித்துக்கொண்டிருந்த குடும்பத்தலைவனுக்கு எவ்வளவு ஆறுதலளித்திருக்கும்? 2013-இல் ஹாம்பர்க் விதித்த அபராதம் 1,45,000 யூரோ; அத்தகைய பெருநிறுவனத்துக்கு அது அற்பத் தொகை. நம்பிக்கையை இழந்ததற்குத் தந்த விலையோ பெரிது: 2011-இலேயே புதிய ஜெர்மானிய நகரங்களைச் சேர்க்கும் முயற்சி கைவிடப்பட்டு, 2023 ஜூலை வரை அந்நாட்டின் பெரும்பகுதி அச்சேவையில் வெற்றிடமாகவே இருந்தது. புதிய படங்கள் வந்தபோது பழைய விண்ணப்பங்கள் செல்லாமற்போயின. மறைக்க விரும்பியோர் மீண்டும் முதலிலிருந்து எழுதிக் கேட்கவேண்டியதாயிற்று.