போவாரா, இருப்பாரா?

புத்தளம் களப்பின் கரையை அடுத்த தில்லையடியில், மாலைப்பொழுதில் நாலுபேர் கூடுமிடத்துப் பேசப்படும் பொருள்கள் பல. உப்பளத்து விளைச்சல் ஒரு பேச்சு. மீன்பாடு ஒரு பேச்சு. பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு மற்றொரு பேச்சு. கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டப் பருவம் தொடங்கிவிட்டாலோ இவையெல்லாம் பின்தள்ளப்படும். அணி வென்றாலும் தோற்றாலும் ஈற்றில் வந்து நிற்பது ஒரேயொரு வினாத்தான்: பயிற்றுநர் அடுத்த ஆண்டும் இருப்பாரா, போய்விடுவாரா?

இவ்வினாவுக்கு விடை தேடுவதில் நம் இரசிகர்கள் காட்டும் திறமையைத் துப்பறியும் கதை எழுதுவோரும் கண்டு வியப்பர். பயிற்றுநர் வாடகை வீட்டுக்கு முற்பணம் கொடுத்தாரா இல்லையா என்பது ஒரு சான்று. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவர் பெரிய பையொன்றைத் தூக்கிச் சென்றார் என்பது இன்னொரு சான்று. பயிற்சியின் நடுவே ஊதுகுழலை உதவியாளர் கையிற் கொடுத்துவிட்டுத் தொலைபேசியிற் பேசப் போனாரென்றால், அன்றிரவே ஊர் முழுவதும் செய்தி பரவிவிடும்.

"சேர் போறாராம்."

"ஆர் சொன்னது?"

"வலயக் கந்தோரிலை வேலை செய்யிற ஆள் ஒருத்தர்."

அந்த 'ஆள் ஒருத்தர்' யாரென எவருக்கும் தெரியாது. ஆயினும் மறுநாள் மைதானத்திற்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளையின் காலில் அந்தச் செய்தி ஒரு கல்லைக் கட்டிவிடுகின்றது. அவன் முன்போல ஓடுவதில்லை. 'எங்களை விட்டுப் போகிறவர் சொல்வதை எதற்காகக் கேட்க வேண்டும்?' என்னும் எண்ணம் அவன் உள்ளத்திற் புகுந்துவிட்டது. ஆகவே இரசிகரின் இந்த ஊகப் பேச்சை வெறும் பொழுதுபோக்கென்று நாம் தள்ளிவிடுதற்கில்லை.

தில்லையடி போன்ற ஊரில் இவ்வினா சற்று ஆழமாகவே கேட்கப்படுகின்றது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் வந்து தங்கிய ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பந்தடிக்கின்றனர். 'போதல்' என்னும் சொல்லின் பாரம் இவ்வீடுகளிற் பலருக்குத் தெரியும். நிலைத்து நிற்கும் ஒருவரை இவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

இனி, நம் நாட்டுக் கல்லூரிகளிற் பயிற்றுநர் என்பவர் யார் என்பதை நோக்குவோம். பெரும்பாலும் அவர் மூவகையினருள் ஒருவர். முதல்வகையினர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். அவர் அரசாங்க ஊழியர். தேசியப் பாடசாலையாயின் மத்திய கல்வி அமைச்சும், ஏனையவாயின் மாகாணக் கல்வித் திணைக்களமும் அவருடைய இடமாற்றத்தைத் தீர்மானிக்கும். ஒரு தாள் வந்தால் அவர் போகவேண்டியவரே. இரண்டாம்வகையினர் பழைய மாணவர் சங்கம் கைப்பணம் கொடுத்து அழைத்துவரும் வெளியார். சங்கத்தில் நிருவாகம் மாறினாலோ, பணம் சேரத் தவறினாலோ அவர் நிலை ஆட்டங்காணும். மூன்றாம்வகையினர் ஊதியம் எதுவுமின்றி, பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் அன்பினால் மட்டும் வந்து நிற்கும் பழைய ஆட்டக்காரர். இவர்களுட் பலருக்கு எழுத்திலான உடன்பாடு எதுவும் இருப்பதில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாதவிடத்து ஊகம் வளருமன்றோ?

கல்லூரி நிலைமை இவ்வாறாக, நாட்டின் தேசிய அணி நமக்கு எந்த முன்மாதிரியைக் காட்டியது? எண்ணிப் பார்த்தால் மனம் வருந்துகின்றது. 2018 இல், டாக்கா ஆபஹானிக் கழகத்தில் ஆடிப் புகழ்பெற்ற நம் நாட்டவரான பக்கீர் அலி பயிற்றுநரானார். 2020 இல் அவருக்குப் பதிலாக, பொஸ்னியாவிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த அமீர் அலகிச் வந்தார். 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நாலு நாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், சீசெல்ஸ் அணியிடம் நம் அணி தண்ட உதைகளில் வெற்றியை இழந்தது. 2022 இல் மன்செஸ்டர் சிற்றி அணியின் முன்னாட் தலைவரான அன்டி மொரிசன் வந்தார். 2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனமாகிய பீபா இலங்கையை இடைநிறுத்தியது. அத்தடை அவ்வாண்டு ஓகஸ்ட்டில் நீங்கியது. பின்னர் கீத் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர். 2024 இல் குவைத் நாட்டவரான அப்துல்லா அல்முத்தைரி. ஏழாண்டுக் காலத்துள் ஐந்து பெயர்கள்! ஒவ்வொருவரும் தத்தம் முறையைக் கற்பிக்கத் தொடங்கினர். அம்முறை பிள்ளைகளின் காலிற் படியுமுன் மற்றொருவர் வந்து வேறொரு முறையைத் தொடங்கினார். 2025 ஜூனில் கொழும்பில் சீன தைபே அணியை 3-1 என நம் அணி வென்றபோது நாடு மகிழ்ந்தது. புலம்பெயர்ந்த இலங்கையர் வழிவந்த ஆட்டக்காரர் சிலர் அணியிற் சேர்ந்தமையும் அதற்கு ஒரு காரணம். ஆயினும், ஒருவரிடமே சில காலம் தொடர்ந்து பாடங் கேட்ட அணி என்பதையும் நாம் மறத்தலாகாது.

பணம் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் அமெரிக்காவை நோக்குக. அங்கே 'புட்போல்' எனப்படுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அந்நாட்டுப் பல்கலைக்கழக அணிகளின் தலைமைப் பயிற்றுநர்கள் பெறும் ஊதியம் நம்மால் எண்ணிப்பார்க்க முடியாதது. பல மாநிலங்களில் அரசாங்க ஊதியம் பெறுவோருள் முதலிடம் ஆளுநருக்கன்று, பல்கலைக்கழகப் பயிற்றுநருக்கே. அங்கும் இரசிகர் உறங்குவதில்லை. 2006 டிசம்பரில் நிக் சேபன் என்பவர், தாம் அலபாமாப் பல்கலைக்கழகத்திற்குப் போகப்போவதில்லையென்று செய்தியாளர் முன் திட்டவட்டமாகக் கூறினார். இரண்டு கிழமைகளுள், 2007 ஜனவரி 3 ஆம் நாள் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்திற்கு ஆறு தேசிய வெற்றிகளைத் தேடிக்கொடுத்து 2024 ஜனவரியில் ஓய்வுபெற்றார். 2023 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்று தன் பயிற்றுநரை ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கியது. அதற்காக அவருக்குக் கொடுக்க உடன்பட்ட தொகை ஏழு கோடி டொலருக்கும் மேல். பணம் ஊகத்தை ஒழிக்கவில்லை. அதன் விலையை உயர்த்தியது, அவ்வளவே.

பொறுமை பயன் தந்ததற்கும் உலகில் எடுத்துக்காட்டு உண்டு. 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தைப் பொறுப்பேற்ற அலெக்ஸ் பேர்கசன் மூன்றாண்டு சென்றும் ஒரு கிண்ணத்தையேனும் வெல்லவில்லை. 1989 டிசம்பரில் அவரைப் போகச்சொல்லி எழுதிய துணியொன்றை இரசிகர் ஒருவர் மைதானத்திலேயே விரித்துப் பிடித்தார். அடுத்த மாதம் நொட்டிங்ஹாம் பொரஸ்ட் அணியுடனான கிண்ணப் போட்டியிற் தோற்றால் அவர் கதை முடிந்தது என்றே பத்திரிகைகள் எழுதின. மார்க் ரொபின்ஸ் என்னும் இளைஞர் அடித்த ஒரே கோலினால் அணி வென்றது. அவ்வாண்டு மே மாதத்திற் கிண்ணமும் கைக்கு வந்தது. 2013 இல் ஓய்வுபெறுமுன் பேர்கசன் பதின்மூன்று முறை லீக் வெற்றியைப் பெற்றுக்கொடுத்தார். ஆயினும் பொறுத்தவிடமெல்லாம் பேர்கசன் தோன்றிவிடுவார் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளை வைது துன்புறுத்துபவரையும், பயிற்சிக்கு ஒழுங்காக வராதவரையும் 'நல்ல மனிதர்' என்பதற்காக வைத்திருத்தல் பொறுமையாகாது, அது சோம்பல்.

எம்மைப் போன்ற ஆசிரியர் நெஞ்சில் நிற்கும் பெயர் வேறொன்று. ஹைதராபாத்தில் 1909 இற் பிறந்த சையத் அப்துல் ரஹீம் என்பவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் பயிற்றிய ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. வலக்காற் பழக்கமுள்ளவரை இடக்காலால் மட்டும் ஆடவைக்கும் போட்டிகளை அவர் நடத்தினார். இந்திய அணி அவர் காலத்திலேயே 1951 இல் ஆசிய விளையாட்டு விழாவிற் தங்கம் வென்றது. 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக் விழாவில் நான்காம் இடம் பெற்றது. 1962 இல் ஜகார்த்தாவில், பல்லாயிரவர் எதிர்த்துக் கூச்சலிட, தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. தலையிற் காயத்துடன் இருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தி, அவரைக்கொண்டே ஒரு கோல் அடிப்பித்தார் ரஹீம். அப்பொழுதே புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11 ஆம் நாள் அவர் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்கு ஒருமுறையேனும் கிட்டவில்லை.

இவ்வரலாற்றின் பாடம் யாது? பெரிய பயிற்றுநரும் ஒருநாட் போவார். இடமாற்றத்தினாற் போவார், நல்ல ஊதியத்தினாற் போவார், நோயினாற் போவார், மூப்பினாற் போவார். 'போவாரா, இருப்பாரா?' என்னும் வினாவிற்குக் காலம் தரும் விடை எப்பொழுதும் ஒன்றே. ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா வேறு: அவர் போனால் இங்கே எது இருக்கும்?

இரசிகர்களும் பழைய மாணவரும் மனம் வைத்தாற் செய்யக்கூடியவை சில உள. முதலாவது, பயிற்றுநருடன் கல்லூரி செய்துகொள்ளும் ஏற்பாட்டை ஒரு தாளிலாவது எழுதிவைத்தல். இத்தனை பருவம், இவ்வளவு கொடுப்பனவு, விலகுவதாயின் இத்தனை மாத முன்னறிவிப்பு என்று மூன்று வரி போதும். இரண்டாவது, போவதும் வருவதும் பருவம் முடிந்தபின்னரே பேசப்படும் என்னும் வழக்கத்தை ஏற்படுத்தல். அரையிறுதிக்கு முதல்நாள் இப்பேச்சை எடுப்பவர் எதிரணிக்கே உதவி செய்கின்றார். மூன்றாவது, பயிற்றுநரின் பக்கத்தில் ஓர் இளைஞரை நிறுத்திப் பழக்குதல். பந்து, வலை முதலியவற்றுக்குப் பணம் சேர்க்கும் நாம், உதவிப் பயிற்றுநர் ஒருவரைச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பும் செலவை நினைப்பதில்லை. நான்காவது, பயிற்சிக் குறிப்பேடு. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கால் பலவீனம், எவனுக்கு முழங்காலில் நோவு, எவன் வீட்டிற் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்பவை ஒருவர் தலையோடு போய்விடலாகாது. வருபவர் கையில் அக்குறிப்பேட்டைக் கொடுத்தால், ஓராண்டுப் பாடுபாடு வீணாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. பயிற்றுநரும் ஒரு குடும்பத்தவர். அவருக்கும் தூரத்தில் ஒரு வீடும், முதிய தாய் தந்தையரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருப்பர். தன் ஊருக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பிப்பதைத் துரோகமென்று பேசுதல் தகாது. அணி வென்ற காலத்திற் தோளிற் தூக்கிச் சுமந்தவரை, போகும் நாளில் வழியனுப்ப நால்வரும் இல்லாமல் பேருந்தில் ஏற்றிவிடுதல் எந்த ஊருக்கும் பெருமையன்று. போகிறவருக்கு நாம் காட்டும் மரியாதையைப் பார்த்தே, வரவிருப்பவர் தம் மனத்தைத் தீர்மானிப்பார் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஊகம் அன்பின் ஒரு வடிவந்தான்; அக்கறையில்லாத விடயத்தைப் பற்றி எவரும் ஊகிப்பதில்லை. ஆகவே பேசவேண்டாமென்று நாம் யாரையும் தடுக்கவில்லை. பேசுங்கள், ஆனால் மைதானத்தில் நிற்கும் பிள்ளையின் காதில் அது எப்படி விழும் என்பதை ஒருகணம் நினைத்துப் பேசுங்கள். பயிற்றுநருக்கு அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரி கிடைக்கலாம். கல்லூரிக்கு வேறொரு பயிற்றுநர் கிடைக்கலாம். உயர்தர வகுப்பின் கடைசியாண்டில் ஆடும் பிள்ளைக்கு இந்தப் பருவம் ஒன்றுதான் உண்டு. அதைக் கலங்காமற் காத்துக் கொடுப்பது, கோட்டுக்கு வெளியே நின்று ஆரவாரிக்கும் நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.