மோனோவைக் காப்பாற்றிய ஊசிகள்

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தை, அந்த நால்வரும் கூட இருந்து கேட்டு, திருத்தி, சரியென்று தலையாட்டிய வடிவத்தில் சி.டி.யில் கேட்க வேண்டுமா? 1987 முதல் 2009 வரை அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அனுமதியில்லாத பதிப்பு! ராக் இசையின் மிகப் புகழ்பெற்ற ஆல்பம் அது. மூல டேப் ஈ.எம்.ஐ. கம்பெனியிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் கடையில் கிடைத்த சி.டி.யில் இருந்ததோ வேறொரு மிக்ஸ், அதாவது வேறொரு ஒலிக் கலவை. இடையில் போன அந்த 22 வருடங்களை நிரப்பியவர்கள், வீட்டு அறைகளில் டர்ன்டேபிளும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருந்த, பெயர் வெளியே சொல்லாத ரசிகர்கள். அந்த அறைகளுக்குள்தான் இப்போது எட்டிப் பார்க்கப் போகிறோம். காதைத் தீட்டிக்கொண்டு வாருங்கள்!

ஒரே ஆல்பம், இரண்டு உருவம்

1967இல் பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் பாடியது, ஒலி முழுவதும் ஒரே தடத்தில் வரும் மோனோ பிளேயர்தான். அதனால் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் மோனோ மிக்ஸுக்கே முதல் மரியாதை. இந்தக் குரலை ஏற்று, அந்த கிட்டாரை இறக்கு என்று நால்வரும் பக்கத்தில் நின்று செய்வித்த மிக்ஸ் அது. இடம், வலம் என ஒலி இரண்டாகப் பிரியும் ஸ்டீரியோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் பிற்பாடு, அந்த நால்வரும் இல்லாமலேயே, சில நாட்களில் முடித்துவிட்டார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆச்சரியம் தாங்காது. 'ஷீஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாக ஓடுகிறது. சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் மேலே நிற்கிறது. ஸ்டீரியோவில் கனத்துப்போய் இழுபடும் அதே பாட்டு, இங்கே வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணின் கால்களோடு சேர்ந்து நடக்கிறது! 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாட்டில் லெனனின் குரல் இன்னும் அதிகமாகச் சுழல்கிறது. தலைப்புப் பாட்டு இரண்டாம் முறை வரும் இடத்தில், முடிவில் பால் மெக்கார்ட்னி போடும் கூச்சல் மோனோவில் துலக்கமாகக் கேட்கிறது. 1968இன் 'வைட் ஆல்பம்' இன்னும் சுவாரசியம். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஸ்டீரியோவில் தேய்ந்து மறைந்து, மறுபடி எழுந்து, டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் அலறலோடு முடியும். மோனோவில் மறைந்தது மறைந்ததுதான். திரும்பி வராது.

1987இல் பீட்டில்ஸ் சி.டி.க்கள் வந்தபோது முதல் நான்கு ஆல்பங்கள் மட்டும் மோனோவில் வந்தன. ஜூன் 1ஆம் தேதி வந்த பெப்பர் ஸ்டீரியோ. வைட் ஆல்பமும் ஸ்டீரியோ. 80களின் தொடக்கத்தில் மோனோ இசைத்தட்டுகள் சிறிது காலம் திரும்ப அச்சாகியிருந்தன. அதன் பிறகு பழைய தட்டு வைத்திருப்பவர் வீட்டில் மட்டும்தான் அந்த மிக்ஸ் உயிரோடு இருந்தது. அங்கிருந்துதான் நம் கதாநாயகர்கள் புறப்படுகிறார்கள்.

எந்தத் தட்டு?

அனுமதியில்லாப் பதிப்பின் ஒலித்தரம் எதில் இருக்கிறது என்று கேட்டால், பலரும் விலையுயர்ந்த கருவிகளைச் சொல்வார்கள். இந்த அறைகளில் இருப்பவர்கள் முதலில் பேசுவது கருவியைப் பற்றி அல்ல, தட்டைப் பற்றி. மூல டேப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது இந்தப் பிரதி? அதுதான் எல்லாம்.

அதைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் வேலை இருக்கிறதே, அது தனி ஆனந்தம்! 'பி.எம்.சி. 7027' என்ற எண் கொண்ட பிரிட்டிஷ் மோனோ பெப்பரை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் குட்டிக் குட்டி எழுத்துகள் பொறித்திருக்கும். கீழே இருப்பது மேட்ரிக்ஸ் எண். கடைசியில் வரும் இலக்கம், இது டேப்பிலிருந்து ஒலியைச் செதுக்கிய எத்தனையாவது வெட்டு என்று சொல்லும். இடது பக்கம் உள்ள எண் 'மதர்' எனப்படும் உலோகத் தட்டைக் குறிக்கும். வலது பக்கம் உள்ள எழுத்துகள்தான் அற்புதம். தட்டு அச்சிட்ட கிராமஃபோன் கம்பெனி லிமிடெட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து, வரிசையாக 1 முதல் 9 வரைக்கும் கடைசியாக 0க்கும் கொடுத்திருக்கிறார்கள். 'ஜி' என்றால் 1, 'ஆர்' என்றால் 2. ஹேய்ஸ் ஊரில் இருந்த தொழிற்சாலையில் அந்தத் தட்டு எத்தனையாவது ஸ்டாம்பரில், அதாவது உலோக அச்சில், அழுத்தப்பட்டது என்பதை உங்கள் விரல் நுனியில் வைத்துப் படிக்கலாம்! எண் சிறிதாக இருந்தால் உற்பத்தியின் தொடக்கத்தில் வந்தது என்று பொருள். முகம் மலர்ந்துவிடும்.

சில வெட்டுகளுக்குத் தனிப் புராணமே உண்டு. 1965இன் 'ரப்பர் சோல்' மோனோவின் முதல் வெட்டு மிக உரத்தது. சீக்கிரமே அதை விட்டுவிட்டு அடக்கமான வெட்டுக்குப் போனார்கள். 1966இன் 'ரிவால்வர்' கதை அதையும் மிஞ்சும். 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்கு 11ஆம் எண் மோனோ மிக்ஸ் வேண்டாம், 8ஆம் எண் போதும் என்று ஜார்ஜ் மார்ட்டின் கடைசி நேரத்தில் மனம் மாறினார். அதற்குள் கொஞ்சம் தட்டுகள் அச்சாகி வெளியேறிவிட்டன! இரண்டாம் பக்கத்தில் 'எக்ஸ்.இ.எக்ஸ். 606-1' என்று இருந்தால் உங்கள் கையில் இருப்பது அந்தத் தப்பிப்போன மிக்ஸ். ஊசி வைத்துப் பிரதியெடுத்த ரசிகர்கள்தான் அதைப் பல பத்தாண்டுகள் கைமாற்றிக் காப்பாற்றினார்கள்.

ஊசி இறங்குகிறது

தட்டு கிடைத்துவிட்டது. இனிக் குளியல். வாலை வடிநீர், மென்மையான பிரஷ், ஈரத்தை உறிஞ்சியெடுக்கும் வேக்குவம் இயந்திரம். சிலர் தட்டு முழுக்கத் தச்சர் பசையைத் தடவி, காயவிட்டு, ஒரே தோலாக உரித்தெடுப்பார்கள். பள்ளத்தின் அடியில் படிந்த தூசியெல்லாம் அதோடு வந்துவிடும். பார்க்கும்போது நெஞ்சு பதறும், பலன் பிரமாதம்.

அடுத்தது ஊசி. பழைய தட்டு என்றால் எத்தனையோ விருந்துகளில் பாடிக் களைத்தது. அந்தக் காலத்துக் கனத்த ஊசிகள் பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தேய்த்திருக்கும். ஆனால் முழுச் சுவரும் தேய்ந்துவிடவில்லையே! வேறு வடிவ நுனியுள்ள ஊசியை வைத்தால் அது இன்னொரு உயரத்தில், யாரும் தொடாத பரப்பில் ஓடும். கரகரத்துக் கிடந்த பாட்டு புதிதாக எழுந்து உட்காரும். அதைக் கேட்கும் நொடியில் யாரும் துள்ளாமல் இருக்க முடியாது.

மோனோவுக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசி, கீறல், மோட்டார் உறுமல் மட்டுமே. எனவே ஸ்டீரியோ ஊசியால் எடுத்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டினால் இசை நிற்கும். மேலும் கீழுமான இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அல்லது இரண்டு சுவர்களில் எது குறைவாகத் தேய்ந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பாட்டுக்கு இரண்டு பிரதிகள் அந்தப் பள்ளத்திலேயே காத்திருக்கின்றன!

நடுத்துளையைக் கவனிக்காவிட்டால் எல்லாம் பாழ். துளை மயிரிழை தள்ளி இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒரு முறை, சுருதி ஆடும். பியானோ நீண்டு ஒலிக்கும் இடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். அதனால் துளையைச் சற்றே பெரிதாக்கி, தட்டைத் தட்டித் தட்டி மையத்தில் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

பிறகுதான் கம்ப்யூட்டர். ஒரு விநாடிக்கு 96,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட். 'டிக்' சத்தங்களை மென்பொருளிடம் மொத்தமாக ஒப்படைத்தால் அது ரிங்கோவின் டிரம் அடியையும் கீறல் என்று நினைத்துக் கூர் மழுக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு 'டிக்'கையும் திரையில் பெரிதாக்கி, அலைக்கோட்டைக் கையாலேயே வரைந்து ஒட்டுப்போடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கே ராத்திரிகள் கரையும். 'டாக்டர் எபெட்ஸ்' என்ற புனைபெயரில் சுற்றிய பீட்டில்ஸ் பதிப்புகள் இந்த உலகத்தில் பெயர் வாங்கியது இப்படிப்பட்ட சிரத்தையால்தான்.

நல்லதும் போலியும்

அனுமதியில்லாதது எல்லாமே அமுதம் அல்ல. இதே உலகத்தில் குப்பை மலையும் இருக்கிறது. பழுப்பு உறை, பளபளக்கும் வண்ணத் தட்டு, கனமான வினைல் என்று அலங்காரமாக வரும் பலவற்றின் மூலம் வெறும் சி.டி.தான். சிலவற்றுக்கு எம்பி3 கோப்பு! ஒலியின் அதிர்வெண் படத்தைத் திரையில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் எல்லாம் நின்றுபோயிருக்கும். டேப்பிலிருந்து டேப்பாகப் பல கை மாறிய பிரதிகளோ இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றி இறக்கிய டிகாக்‌ஷன். நிறம் இருக்கும், மணம் இருக்காது.

பெப்பர் பிரதி ஒன்று கையில் கிடைத்தால் நேராகக் கடைசிக்குப் போங்கள். 'எ டே இன் த லைஃப்' பாட்டின் முடிவில், 1967 பிப்ரவரி 22 அன்று பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த அந்த மகத்தான ஈ மேஜர் நாதம். அது 40 விநாடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போகிறது. ஒலி குறையக் குறையப் பதிவின் அளவை ஏற்றிக்கொண்டே போனதால், ஸ்டுடியோவில் யாரோ அசைய நாற்காலி கிறீச்சிட்டதுகூடப் பதிவாகியிருக்கிறது. இரைச்சல் நீக்கியைக் கண்டபடி ஓட்டிய பதிப்பில் அந்த நாதம் பாதியிலேயே செத்துப்போகும். நாற்காலியும் அறையின் காற்றும் துடைத்தெறியப்பட்டிருக்கும். நல்ல பதிப்பில் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், ஆனால் அறை இருக்கும். தட்டின் உட்புறம் வேறு எமன்: வெளி விளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே வரும்போது 21 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த நெருக்கடியிலும் நாதம் கரகரக்காமல் வந்தால், பிரதி எடுத்தவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.

அதோடு முடியவில்லை! பிரிட்டிஷ் முதல் பதிப்பில் அந்த நாதத்துக்குப் பிறகு 15,000 ஹெர்ட்ஸில் நாய்களுக்குக் கேட்கும் ஒரு விசில்; அதன் பின் கடைசி வட்டப் பள்ளத்தில் முடிவே இல்லாமல் சுற்றும் உளறல். அவசரப்பட்டு ஊசியைத் தூக்கியவர் பிரதியில் இவை இருக்காது.

கம்பெனி வந்து சேர்ந்தது

2009 செப்டம்பர் 9. மோனோ பெட்டி சி.டி.யாக வந்தது! நான்கு வருட உழைப்பு. அந்த மறுபதிப்புத் திட்டத்தின் 525 நிமிட இசையில் இரைச்சல் நீக்கியைத் தொட்டது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. மோனோ ஆல்பங்களைச் செய்த பால் ஹிக்ஸும் ஷான் மகியும் ஒலியை உயர்த்த லிமிட்டரையே பயன்படுத்தவில்லை. டாக்டர் எபெட்ஸ் பதிப்புகள் வருவதும் அதோடு நின்றது. 2014இல் வந்த மோனோ இசைத்தட்டுப் பெட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. ஷான் மகியும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் கம்ப்யூட்டரையே அண்டவிடாமல், 60களில் தட்டு வெட்டியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, முதல் பதிப்புகளோடு ஒப்பிட்டுக் கேட்டு, மூல டேப்பிலிருந்து நேராக வெட்டினார்கள். 2022இல் 'ரிவால்வர்' சிறப்புப் பதிப்பில் அந்த 11ஆம் எண் மிக்ஸும் வந்துவிட்டது. 56 வருடம் கழித்து!

கவனித்தீர்களா? முதல் பதிப்பைத் தேடு, குறைவாகக் கைவை, இரைச்சலுக்குப் பயந்து இசையைக் கொல்லாதே. வீட்டு அறைகளின் விதிகள் எல்லாம் ஆபி ரோடின் பெட்டியிலும் இருக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு; மூல டேப் கம்பெனியிடம் இருக்கிறது, பாடியவர்களுக்கு உரிய பணமும் அந்த வழியில்தான் போய்ச் சேருகிறது. நல்ல மோனோ இன்று முறையாகக் கிடைக்கும்போது அதையே வாங்க வேண்டும் என்று முழு மனதாகச் சொல்வேன். ஆனால் எந்த ராக் ஆல்பத்தின் மறுபதிப்பானாலும், யார் வெளியிட்டதானாலும், கனம், நிறம், பளபளப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது எதிலிருந்து எடுத்தது? அதற்கு நேரான பதில் உறையிலேயே அச்சாகியிருந்தால், தயங்காமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். போனதும் 'ஷீஸ் லீவிங் ஹோம்' போடுங்கள், வேகமாக ஓடும் அந்த மோனோவை!