ஏற்கப்பட்ட கடிதம் எங்கே போகிறது?

மின்னஞ்சல் எந்தவொரு நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. 1982-ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் வகுத்தளித்த 'எஸ்எம்டிபி' நெறிமுறையே இன்றளவும் அதன் அடித்தளம். அதன்படி, எவரும் தமக்கென ஒரு மின்னஞ்சல் சர்வரை நிறுவி உலகின் எந்த முகவரிக்கும் கடிதம் அனுப்பலாம். ஒரு கல்லூரியோ, கூட்டுறவுச் சங்கமோ, சிறு பதிப்பகமோ தனது கடிதப் போக்குவரத்தைப் பிறரிடம் ஒப்படைக்காமல் தானே நடத்திக்கொள்ள இது வழிசெய்கிறது. ஆனால், அத்தகைய கடிதங்கள் ஜிமெயில், அவுட்லுக், யாஹூ போன்ற பெரும் சேவைகளின் வாசலைக் கடப்பது கடினமாகிவிட்டது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய நெறிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்க ஏற்பாடு ஏதுமில்லை. உறையின் மீது யார் பெயரையும் எழுதி அஞ்சல் பெட்டியில் போடுவதுபோல, வங்கியின் பெயரில்கூட எவரும் மின்னஞ்சல் அனுப்ப முடிந்தது. மோசடிக் கடிதங்கள் பெருகின.

அதைத் தடுக்க மூன்று சான்றுகள் உருவாயின. நமது பெயரில் கடிதம் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று பொதுவில் அறிவிப்பது 'எஸ்பிஎஃப்'. கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான மின்னணு முத்திரை 'டிகேஐஎம்'. இச்சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுநருக்குச் சொல்வது 'டிமார்க்'. இவற்றுடன், சர்வரின் ஐபி எண்ணைத் தேடினால் அதன் பெயரும், பெயரைத் தேடினால் அதே எண்ணும் கிடைக்க வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்று சான்றுகளையும் 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்புவோருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது வேண்டும். யாஹூவும், 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் இதே வழியைப் பின்பற்றின.

இவை நியாயமான விதிகள். பொறுமையுள்ள நிர்வாகி ஒருவர் நிறைவேற்றிவிடக் கூடியவை. ஆனால், அத்தனையையும் நிறைவேற்றிய பிறகும் 'நற்பெயர்' என்றொரு தடை எஞ்சி நிற்கிறது. வாடகைக்குப் பெற்ற ஐபி எண்ணை முன்பு மோசடிக்காரர் ஒருவர் பயன்படுத்தியிருக்கலாம். அண்டை எண்களின் குற்றத்துக்காக ஒரு தொகுதி முழுவதுமே தடைப்பட்டியலில் ஏறலாம். புதிய எண் என்றால் நற்பெயரே இருக்காது. குறைவாகவே அனுப்புவதால் அதை ஈட்டவும் வழியில்லை. இதுவரை கடன் வாங்கியதில்லை என்பதற்காகவே ஒருவருக்குக் கடன் மறுக்கப்படுவதைப் போன்றது இது.

மறுப்பு வெளிப்படையாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெறும் சர்வர் 5-இல் தொடங்கும் எண்ணைப் பதிலாகத் தந்தால் 'ஏற்க முடியாது' என்று பொருள். 4-இல் தொடங்கினால் 'பிறகு முயல்க' என்று பொருள். அனுப்பியவருக்கு நிலைமை தெரிந்துவிடும். மிகப் பெரிய தீங்கு, '250' என்று சொல்லிக் கடிதத்தை ஏற்றுக்கொண்டு, சத்தமின்றி ஸ்பேம் பெட்டியில் போட்டுவிடுவதே. அனுப்பியவரின் பதிவேட்டில் அது சேர்ந்துவிட்ட கடிதம். பெறுநருக்கோ வராத கடிதம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும், மருத்துவப் பரிசோதனை முடிவும் இப்படித் தொலையும்போது இருவரில் எவரும் அதை அறிவதில்லை.

வடிகட்டும் முறையை முழுவதுமாக வெளியிட்டால் மோசடிக்காரர்களே அதிகம் பயனடைவார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், சான்றுகள் அனைத்தையும் அளித்துள்ள அனுப்புநருக்குக் காரணத்தைச் சொல்வதும், முறையிட்டால் ஒரு மனிதர் அதைப் பரிசீலிப்பதும் அந்த இரகசியத்தைக் குலைத்துவிடாது. நாமும் ஸ்பேம் பெட்டியை அவ்வப்போது திறந்து பார்த்து, நல்ல கடிதங்களை 'ஸ்பேம் அல்ல' என்று குறிக்க வேண்டும். சிறியவர்களின் நற்பெயர் அப்படித்தான் வளரும்.

அலுத்துப்போய் ஒவ்வொருவரும் தமது சர்வரை மூடிவிட்டால், எவருக்கும் சொந்தமில்லாத மின்னஞ்சல் இரண்டு மூன்று நிறுவனங்களின் உடைமையாகிவிடும். பிறகு யாருடைய கடிதம் சேர வேண்டும் என்பதை அவை மட்டுமே தீர்மானிக்கும்.